வாய்ப்புண்ணில் தொடங்கிய மருந்து: கீமோதெரபியும் குழந்தைகளின் வாய் நலமும்

சென்ட்ரலுக்கு வருகிற ரயில்கள் பேசின் பிரிட்ஜில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பும் என்பது சென்னைக்கு ஒரு தடவை வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். பிளாட்பாரம் காலியாகும் வரை அங்கே காத்திருக்க வேண்டும். கூடூர், கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திராவிலிருந்து வரும் பாதையும், அரக்கோணத்திலிருந்து வரும் பாதையும் இந்த இடத்தை ஒட்டித்தான் ஒன்று சேர்கின்றன. 'பேசின்' என்ற பெயர் கால்வாய்ப் படகுகளின் காலத்தில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டு, பிறகு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியில் உப்பும் விறகும் படகில் வந்து இறங்கின. உப்பு சேமித்து வைத்த கொட்டாரங்களின் பெயர், பக்கத்தில் இருக்கும் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சந்திப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பெரிய அரசு மருத்துவமனைகள் பல அதற்குள் வந்துவிடும். ஒரு பக்கம் ராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி. சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். எனப்படும் பொது மருத்துவமனை. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை. இன்னும் தெற்கே போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை எண்ணூர்க் குழந்தையோ, திருவொற்றியூர்க் குழந்தையோ, நெல்லூர்ப் பக்கத்துக் குழந்தையோ, சிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் இந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்குத்தான் வந்து சேரும்.

அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட் முக்கியமான ஒன்று. அதன் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. அதே மருந்து பல குழந்தைகளுக்கு வாயெல்லாம் புண்ணாக்கும் என்பதும் உண்மை. இந்த இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

நாக்குப் புண்ணும் ரத்தசோகையும்

19ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்த ஐரோப்பிய டாக்டர்களைக் குழப்பிய நோய்களில் ஒன்று 'ஸ்ப்ரூ'. நோயாளிக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு இருக்கும். உடம்பு இளைக்கும், ரத்தம் குறையும். நாக்கு சிவந்து, வழவழப்பாகி, உப்பு காரம் பட்டாலே எரியும். 'ஸ்ப்ரூ' என்பது டச்சு மொழிச் சொல். வாயில் வரும் புண்ணைக் குறிக்கும் சொல்லே நோயின் பெயராக மாறிவிட்டது. 1880ல் பாட்ரிக் மான்சன் இந்தப் பெயரை ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். நம் ஊர் வைத்தியர்கள் கிரகணி என்று சொல்லும் நோய் வகைக்கு இது நெருங்கியது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒரு வகை ரத்தசோகையை ஆராய்வது அவர் வேலை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் வழக்கமான சோகை அல்ல அது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. ஆய்வுக்காக அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் வந்தார். 1931 வாக்கில் திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுவதை அவர் கண்டுபிடித்தார். அதில் இருந்த பெயர் தெரியாத சத்தைக் கொஞ்ச காலம் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். 1941ல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடிய சத்து அதுதான் என்று பிறகு தெளிவாகியது.

ஃபோலிக் அமிலம் குறைந்தால் இரண்டு இடங்களில் பளிச்சென்று தெரியும். ஒன்று ரத்தம், இன்னொன்று வாய். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது சுலபமாகப் புரியும்.

பீமவரத்திலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பாஸ்டன்

எல்லாப்ரகட சுப்பராவ் 1895ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். படிப்பில் தட்டுத்தடுமாறி, கடைசியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் உடுத்தியது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை என்றும், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அவர் வாழ்க்கையில் ஸ்ப்ரூ நேரடியாகவே நுழைந்தது. சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இந்த நோய்க்குப் பலியானார்கள். அவரும் அதே நோயில் படுத்து, ஆயுர்வேத சிகிச்சையில் எழுந்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1923ல் பாஸ்டன் போய் ஹார்வர்டில் சேர்ந்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்குடன் சேர்ந்து உருவாக்கினார். 1940ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், அங்கே தலைமைப் பொறுப்பு ஏற்றார். அவர் தலைமையில் இருந்த குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தன் வீட்டில் இரண்டு உயிர்களை எடுத்த நோய்க்கு மருந்து அவர் கையிலேயே கிடைத்தது!

அந்த மருந்தின் நிழலிலேயே இன்னொரு மருந்தும் பிறந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. சரியான சாவி போகவேண்டிய பூட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டு, நிஜச் சாவியை உள்ளே விடாத போலிச் சாவி என்று சொல்லலாம். அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அப்படி உருவானவை.

1948: பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை

சிட்னி ஃபார்பர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர். அன்றைக்கு ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோவார்கள். டாக்டர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்வதாக ஃபார்பர் கவனித்தார். கொடுத்தால் வளர்கிறது என்றால் தடுத்தால் அடங்குமா? இந்தக் கேள்வியோடு லெடர்லியிடமிருந்து அமினோப்டெரினை வாங்கி 1947 கடைசியில் சோதிக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில், மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக எழுதினார். அது தற்காலிக முன்னேற்றம்தான். ஆனால் ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பணிந்தது என்பதே அன்று பெரிய செய்தி.

மருந்தின் நச்சு விளைவாக வாய்ப் புண்ணும் அதே கட்டுரையில் இடம்பெற்றிருக்கிறது. குழந்தைகளுக்கான கீமோதெரபியும் அதனால் வரும் வாய்ப்புண்ணும் மருத்துவ ஏட்டில் ஏறியது ஒன்றாகத்தான். ஆனால் முதல் செய்தியை உலகமே படித்தது. இரண்டாவது செய்தி கவனத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின.

சுப்பராவ் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே, 53 வயதில், தூக்கத்தில் இறந்துபோனார். இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை.

ஏன் வாய்?

ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல்கள் டி.என்.ஏ. தயாரிக்க முடியாது. டி.என்.ஏ. இல்லாமல் ஒரு செல் இரண்டாக முடியாது. புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுபவை, அதனால் முதலில் அடி வாங்கும். ஆனால் உடம்பில் நல்ல செல்களும் சில இடங்களில் வேகமாகப் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், குடலின் உள்தோல், வாயின் உள்தோல் ஆகியவை அவை. போலிச் சாவிக்கு நல்ல பூட்டு, கெட்ட பூட்டு என்ற வித்தியாசம் தெரியாது.

வாயின் உள்தோல் ஒன்றிரண்டு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. பழைய தோல் உதிர்ந்து, அந்த இடத்துக்குப் புதுத்தோல் வராவிட்டால் புண்தான். மருந்து கொடுத்து ஏறக்குறைய 5 முதல் 10 நாட்களில் கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் புண் வரும். ரத்த அணுக்கள் மறுபடி ஏறும்போது, இரண்டு மூன்று வாரங்களில், பெரும்பாலும் தானாக ஆறும்.

சிக்கல் என்னவென்றால், வாய் திறந்து கிடக்கும் அதே நாட்களில்தான் வெள்ளை அணுக்களும் அடிமட்டத்தில் இருக்கும். நம் எல்லோர் வாயிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. தோல் முழுசாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் ஆகாது. தோல் கிழிந்து, காவலும் இல்லை என்றால் அவை ரத்தத்துக்குள் போய்விடும். சாதாரணமாக வாயில் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி, கீமோ வார்டில் உயிருக்கே ஆபத்தான ரத்தத் தொற்றாக மாறும். வாய்ப்புண்தானே என்று இதை ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் இரண்டு பாதைகள்

சென்னையின் வரலாற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் வருகின்றன. 1953ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுவே பின்னால் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி உருவாக்கிய நிறுவனம் அது. அவரும் அதே மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1912ல் பட்டம் பெற்றவர்.

அடையாறில் முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியை நாட்டின் முக்கியமான மையங்களில் ஒன்றாக மாற்றினார்கள். 1960ல் குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய் வார்டு அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் நோய் திரும்ப வருகிறது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட நாள் கொடுத்தால் வராமலே போகலாம் என்று தெரிந்தது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழு ஏறக்குறைய பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றிக் காட்டியது. இந்தியாவில் அதே மாதிரி பெரிய மாற்றம் 1984ல் வந்தது. மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எம்.சி.பி. 841 என்ற பொதுச் சிகிச்சை முறையைக் கடைப்பிடித்தன. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே பெரிய விஷயம். இந்த முறைக்குப் பின் பாதிக்குப் பக்கத்தில் வந்தது. இன்று வசதியான நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோயில் 10க்கு 9 குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

மருந்து கூடக் கூட வாயின் பாடும் கூடியது. ஆனால் வாய்க்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்கள் வேறு கல்லூரி, வேறு பட்டம், வேறு கட்டடம் என்று இருந்தார்கள். உலகம் முழுக்கவே மருத்துவமும் பல் மருத்துவமும் அப்படித்தான் தனித்தனியாக வளர்ந்தன. கீமோ வார்டில் இருக்கும் குழந்தையின் வாயைப் பார்ப்பது யார் வேலை என்பது அந்தப் பிரிவினையில் தெளிவில்லாமல் போன கேள்வி.

புண் மட்டும் அல்ல

ரத்தப் புற்றுநோய் சில சமயம் வாயில்தான் முதலில் தலைகாட்டும். காரணமில்லாமல் ஈறு வீங்குவது, பல் துலக்கும்போது ரத்தம் நிற்காமல் வருவது, வாய் வெளிறிப்போவது போன்றவை அந்த அறிகுறிகள். இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் பல் டாக்டர் ஒரு உயிரைக் காப்பாற்றிவிடலாம்.

சிகிச்சை தொடங்கிய பிறகு வரும் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்:

வெள்ளைப் படலம்: கேன்டிடா என்ற பூஞ்சை. தயிர் ஒட்டிக்கொண்டது போல நாக்கிலும் கன்னத்திலும் இருக்கும். ஸ்டீராய்டு மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் இதை வளர்த்துவிடும். இதற்குக் கொடுக்கும் நிஸ்டாடின், எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1950ல் அறிவித்த மருந்து.

ஹெர்பிஸ்: உடம்பில் தூங்கிக்கிடந்த வைரஸ் எதிர்ப்பு சக்தி குறைந்ததும் எழுந்துகொள்ளும். பார்வைக்கு மருந்துப் புண் போலவே இருக்கும், ஆனால் சிகிச்சை வேறு. அதனால் எல்லாப் புண்ணையும் ஒரே புண் என்று நினைக்கக் கூடாது.

ரத்தக் கசிவு: பிளேட்லெட் குறையும்போது ஈறிலிருந்து வரும். ஆடிக்கொண்டிருக்கும் பால்பல்கூட அந்த நேரத்தில் பிரச்சினைதான்.

தாடை வலி: வின்கிறிஸ்டின் என்ற மருந்தால் வருவது. குழந்தை கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அழும், பார்த்தால் பல்லில் ஒரு குறையும் இருக்காது. நரம்பு வலி அது. இந்த மருந்தின் மூலம் நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடி. 1963ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முன்வரிசையில் இருக்கிறது. காரணம் தெரியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிவிடும் ஆபத்து உண்டு.

சொத்தை: வாந்தி, வாய் உலர்ந்துபோதல், ஸ்டீராய்டு கொடுக்கும் கொலைப்பசி, ராத்திரியில் பிஸ்கட், இனிப்புக் கலந்த சிரப் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. புண் வலிக்கிறதென்று பல் துலக்குவதும் நின்றுவிடும். சொத்தைப் பல்லின் வேரில் சீழ் இருந்தால், அணுக்கள் குறைந்த நாளில் அது பெரிய தொற்றாக வெடிக்கும்.

இவை எல்லாம் உடனே தெரிபவை. பல ஆண்டுகள் கழித்துத் தெரிபவையும் உண்டு. நிரந்தரப் பற்கள் வெளியே வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. முதல் கடைவாய்ப் பல் பிறக்கும் சமயத்திலேயே சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்கத் தொடங்கிவிடும். இந்த வேலை நடக்கும்போது, முக்கியமாக 5 வயதுக்குள், கீமோதெரபி கொடுத்தால் சில பற்கள் முளைக்காமலே போகலாம். சில பற்கள் சிறியதாக வரும், சிலவற்றின் வேர் குட்டையாக இருக்கும், எனாமல் மெலிந்து குழி விழும். ஃபார்பரின் காலத்தில் இதைப் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் குழந்தைகள் அவ்வளவு நாள் இருக்கவில்லை. பிழைத்தவர்கள் வளர்ந்த பிறகுதான் இந்தப் பக்கம் திறந்தது. ஒரு வகையில் இது வெற்றியின் பக்கவிளைவு.

மெதுவாக வந்த கவனம்

வாய்ப்புண்ணை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1979ல் ஒரு அளவுகோலைக் கொடுத்தது. பூஜ்யத்திலிருந்து 4 வரை. 1 என்றால் சிவப்பும் எரிச்சலும். 2 என்றால் புண் உண்டு, ஆனால் திட உணவு இறங்கும். 3 என்றால் கஞ்சி, பால் போன்றவை மட்டும். 4 என்றால் வாய்வழியாக எதுவுமே முடியாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இட்லி, கஞ்சி, டிரிப்ஸ் என்று மூன்று படிகள்.

அளக்கத் தொடங்கியதும் தடுக்கும் வழிகளும் தேடப்பட்டன. மெத்தோட்ரெக்சேட்டை அதிக அளவில் கொடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் லூகோவோரின் என்ற ஃபோலிக் அமில வகையைக் கொடுத்து நல்ல செல்களை மீட்கும் முறை வந்தது. லூசி வில்ஸ் தேடிய சத்தின் உறவுக்கார மருந்தே இங்கே காவலுக்கு வருகிறது! அதனால்தான் இதில் நேரம் முக்கியம். லூகோவோரின் ஊசி தாமதமானால் வாய் புண்ணாகும். அதே காரணத்தால், டாக்டரைக் கேட்காமல் ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையை வீட்டில் கொடுத்தால் சிகிச்சையின் கணக்கு கெட்டுப்போகலாம்.

அமெரிக்காவின் ஸ்டீபன் சோனிஸ் போன்றவர்கள் புண் எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை விளக்கினார்கள். 2004ல் சர்வதேச நிபுணர் குழு வாய்ப்புண்ணுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பிறகு 2014லும் 2020லும் அவை புதுப்பிக்கப்பட்டன. குறைந்த சக்தி லேசர் ஒளி, சில மருந்துகள் கொடுக்கும் நேரத்தில் வாயில் ஐஸ் துண்டு வைத்துக்கொள்வது போன்றவை அவற்றில் இடம்பெற்றன. ஐஸ் வைத்தால் வாயில் ரத்த ஓட்டம் குறையும், மருந்து அங்கே அதிகம் வராது. ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறும் மெல்ஃபலான் போன்ற மருந்துகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மணிக்கணக்கில் தங்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பொருந்தாது.

வலி இன்னொரு தனிக் கதை. 3, 4 நிலைப் புண்ணுக்குப் பாராசிட்டமால் போதாது, மார்பின் தேவைப்படும். 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் இந்திய ஆஸ்பத்திரிகள் பலவும் மார்பின் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014ல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. இடையில் போன ஏறத்தாழ 30 ஆண்டுகளில், இருக்கிற மருந்து கிடைக்காமல் வலியில் அழுத குழந்தைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

உப்பும் சோடாவும் மெத்தென்ற பிரஷ்ஷும்

இத்தனை ஆராய்ச்சிக்குப் பின்னும், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் முதல் சிகிச்சை மிகவும் மலிவானது என்பது ஆச்சரியம்தான்.

முதல் கீமோவுக்கு முன் ஒரு தடவை பல் டாக்டர் வாயைப் பார்க்க வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால், புண் ஆற ஒரு வாரம் பத்து நாளாவது கிடைக்கும்படி முன்னாலேயே பிடுங்க வேண்டும். அதற்கு நேரமில்லாமல் சிகிச்சை அவசரம் என்றால் அதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் தினம் இரண்டு வேளை துலக்க வேண்டும். பல்பொடி, கரி, வேப்பங்குச்சி எல்லாம் வீட்டுப் பழக்கமாக இருந்தாலும், இந்த மாதங்களில் கீறல் விழும் எதுவும் வேண்டாம். ஒரு கப் வெதுவெதுப்பான, கொதித்து ஆறிய தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் போட்டு, நாளைக்குப் பல தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத சின்னக் குழந்தைக்குச் சுத்தமான துணியை நனைத்துத் துடைத்துவிடலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடாது. அணுக்கள் மிகவும் குறைந்த நாட்களில் என்ன செய்வது என்பதை வார்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. மீன் குழம்பும், பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோவும் காரசாரமாகப் புழங்கும் ஊர் இது. காரம் இல்லாமல் சோறு இறங்காது என்று வளர்ந்த பிள்ளைக்குப் புண் வந்தால் எல்லாமே தீயாக எரியும். நன்றாக வேகவைத்து ஆறவைத்த கஞ்சி, குழைந்த சாதத்தில் பருப்பு, இட்லி, வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் வழி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பழைய தலைமுறை வைத்த பெயரே 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரம் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் அது வளர்ந்ததால் வந்த பெயர். நோயாளிக்குச் சோறும் சிகிச்சைதான் என்பது இந்த ஊருக்குப் புது விஷயம் அல்ல.

இதெல்லாம் சின்னக் காரியங்கள் போலத் தெரியலாம். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடப்பது. தீவிரமான மாதங்கள் முடிந்த பிறகும் வீட்டில் தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்று தொடர வேண்டும். வாய் புண்ணாகி, குழந்தை மாத்திரையை விழுங்க மறுத்தால் மருந்து நின்றுபோகும். புண் ஆறும்வரை அடுத்த கீமோவைத் தள்ளிப்போட நேர்ந்தால், அந்த இடைவெளியில் நோய் மூச்சு விட்டுக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை ஊசி போட்ட பிறகுதான் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று பார்க்கிற தாய் தகப்பனுக்கு, மருந்துதான் பிள்ளையைக் கொல்கிறது என்று தோன்றிவிடும். பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது இந்தியாவில் குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரிய தோல்விகளில் ஒன்று. பணம், தூரம், வேலை இழப்பு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. சாப்பிட முடியாத ஒரு வாயும் அந்தப் பட்டியலில் சேரும்.

புண் வரும், இத்தனையாவது நாளில் வரும், இத்தனை நாளில் ஆறும், அதுவரை இப்படிச் செய்யுங்கள் என்று முதல் ஊசிக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து சொல்லிவிட்டால், அந்தத் தாய் பயப்படுவது குறையும். இதற்குப் புது மருந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. பேசின் பிரிட்ஜைச் சுற்றி பல் மருத்துவமும் குழந்தை மருத்துவமும் ஒன்றுக்கொன்று பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஒரு குழந்தையின் கோப்பு இரண்டு இடத்துக்கும் போய் வர ஒரு சீட்டு எழுதினால் போதும்.

ஸ்ப்ரூவின் காலத்தில் டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லித்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புண்ணின் காரணத்தைத் தேடிப் போன ஆராய்ச்சிதான் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்தில் வந்து நின்றது. மருந்தைக் கையில் வாங்கிய பிறகும் தினம் ஒரு தடவை டார்ச் அடித்து வாயைப் பார்க்கிற அந்தப் பழைய பழக்கத்தை வார்டில் கைவிடாமல் இருந்தால், அதுவே பாதிச் சிகிச்சை.